பறிக்கத் தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள்

வெண்டைக்காய் ஒரு நாள் பொறுக்கும், இரண்டாம் நாள் பொறுக்காது. காலையில் விரிந்த மஞ்சள் பூ மாலைக்குள் சுருங்கிவிட்டால் அன்றிலிருந்து ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ காய் அடுப்புக்கு வந்தாக வேண்டும். வெயில் காலத்தில் அதற்கும் முன்னாலேயே. கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டு மூன்று நாள் கழித்துத் திரும்பினால், செடியில் தொங்குவது காய் அல்ல, நார். எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அது நார்தான்.

இதை எனக்கு எந்த மாடித்தோட்டப் பயிற்சியிலும் யாரும் சொல்லவில்லை. தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மதுரை புதூரில் வீடு. பின்பக்கம் ஒரு முழ அகலத்துக்கு மண், மேலே மொட்டை மாடியில் பைகள். ஓய்வுக்குப் பிறகு கையில் நேரம் இருந்ததால் இப்படிப்பட்ட முகாம்களுக்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன். தென்னைநார்க் கழிவு, செம்மண், மண்புழு உரம் மூன்றையும் என்ன விகிதத்தில் கலக்க வேண்டும், பஞ்சகவ்யத்தை எவ்வளவு தண்ணீரில் கரைக்க வேண்டும், மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெயோடு எவ்வளவு சோப்பு சேர்க்க வேண்டும் என்று மணிக்கணக்கில் சொல்வார்கள். எல்லாம் தேவையான விஷயம்தான். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கும்: காய்கள் முதிர்ந்ததும் அறுவடை செய்யவும். பிறகு டீ, சமோசா, குழுப் படம்.

அந்த ஒரு வரியும் தலைகீழ். வெண்டை, கத்தரி, புடலை, பீர்க்கு, பாகல், சுரை, அவரை, கொத்தவரை என்று நம் சமையலறைக்கு வரும் காய்களில் பெரும்பாலானவை முதிர்வதற்கு முன்னால் பறித்தவை. உள்ளே விதை கெட்டிப்படத் தொடங்கினால் ஆட்டம் முடிந்தது. தக்காளி, பரங்கி, சாம்பல் பூசணி என்று சிலதுக்குத்தான் முதிர்ச்சி வேண்டும். முதிரட்டும் என்று காத்திருக்கச் சொன்னால், புதிதாகத் தோட்டம் போட்டவர் முதல் மாதமே வாயில் நாரை வைத்துக்கொண்டு சலித்துப் போவார். அடுத்த வருஷம் அந்தப் பைகளில் செருப்பும் உடைந்த வாளியும் கிடக்கும். எங்கள் தெருவில் அப்படிக் கிடக்கும் மாடிகள் உண்டு.

அரசைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 2013இல் சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் மாடித்தோட்டத் தளைகள் கொடுக்கத் தொடங்கியது நல்ல காரியம். பை, நார்க்கழிவு, விதைப் பொட்டலம், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, வேம்பு மருந்து, கையேடு என்று ஒரு வீட்டுக்கு வேண்டிய எல்லாமே அதில் வந்தது. விதைக்கவும் வளர்க்கவும் வேண்டியதை இப்படிப் பையில் போட்டுக் கொடுத்துவிடலாம். பறிக்கிற பக்குவத்தைப் பையில் போட முடியாது, அது ஆள் வந்து காட்ட வேண்டியது. காட்டத் தெரிந்த ஆட்கள் இந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை என்பதுதான் என் வழக்கு.

என் வீட்டுக்குப் பாத்திரம் துலக்க வரும் அக்கா அப்படி ஒருவர். என்னைவிட மூத்தவர். வாடிப்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் கல்யாணமான நாளிலிருந்து காய் பறித்தவர். அதற்கு முன்னால் மல்லிகை மொட்டு. முட்டி தேய்ந்த பிறகு பெண் வீட்டோடு நகரத்துக்கு வந்துவிட்டார். மாடிக்குத் துணி காயப்போட வரும்போது கண் தானாகச் செடிப் பக்கம் போகும். பேசிக்கொண்டே இருப்பார், கை பாட்டுக்குப் பறித்துக்கொண்டிருக்கும். இலைக்கு அடியில் ஒளிந்திருக்கும் வெண்டைக்காய் அவர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

"முத்துன காய் ஒண்ணு கெடந்தாப் போதும் தாயி. செடி, நம்ம சோலி முடிஞ்சிருச்சுன்னு நெனச்சுக்கும். அப்புறம் பூக்காது" என்பார்.

தாவரவியல் புத்தகம் இதையே வேறு மாதிரி சொல்லும். செடிக்கு வேண்டியது விதை, நமக்குப் பொரியல் வேண்டும் என்பது அதன் கவலை இல்லை. விதை முதிரத் தொடங்கினால் இலை தயாரிக்கும் சத்தெல்லாம் அந்தப் பக்கம் ஓடும். புதுப் பூவும் பிஞ்சும் பட்டினி. பிஞ்சிலேயே பறித்துக்கொண்டே இருந்தால் செடி மறுபடி மறுபடி பூத்துப் பார்க்கும். வெண்டை, கொத்தவரை, வெள்ளரி எல்லாவற்றுக்கும் இதுதான் நியாயம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தால் காய்ப்பு நீளும். நம் ஆட்கள் செய்வது இதற்கு நேர் எதிர். முதல் காய் வந்ததும் பறிக்க மனசு வராது. படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து பார்க்கட்டும் என்று விட்டுவைப்பார்கள். செடி முழங்கால் உயரம்கூட வளர்ந்திருக்காது, அதன் கீழ்க் கணுவில் ஒரு கிழட்டு வெண்டை தொங்கும். முதல் காய்தான் முதலில் போக வேண்டிய காய்.

பறிப்பதிலும் முறை இருக்கிறது. வெண்டைக் காம்பு முரட்டுக் காம்பு. பிடித்து இழுத்தால் தண்டின் தோல் நீளமாக உரிந்து வரும், அந்த வழியாக நோய் ஏறும். கத்தரியோ சின்னக் கத்தியோ வேண்டும். சுணை அரிக்கும். தோட்டத்தில் பறிக்கும் பெண்கள் சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வது அழகுக்கு இல்லை. மிளகாய்க்கு வேறு கணக்கு. அதன் கிளை மளுக்கென்று முறியும் ஜாதி. ஒரு கை கிளையைத் தாங்க வேண்டும், இன்னொரு கை காயைக் காம்போடு மேல்நோக்கித் திருக வேண்டும். காம்பு இல்லாத மிளகாய் இரண்டு நாளில் அழுகும்.

கத்தரியில் பார்க்க வேண்டியது பளபளப்பு. எண்ணெய் தடவியது போல மின்னும்வரை பிஞ்சு, மங்கிவிட்டால் உள்ளே விதை கடுத்துவிட்டது. அளவைப் பார்த்து ஏமாறக் கூடாது, ஒரே செடியில் சின்னதாகவே முற்றிப்போகும் காயும் உண்டு. காயில் துளை தெரிந்தால் அதையும் பறிக்க வேண்டும், பறித்து அழிக்க வேண்டும். சொத்தைதானே என்று செடியிலேயே விட்டாலும் உரக்குழியில் போட்டாலும் உள்ளிருக்கும் புழு வளர்ந்து அந்துப்பூச்சியாகி அடுத்த காய்க்கு வரும். நுனிக்குருத்து வாடித் தொங்கினாலும் அதே புழுதான், கிள்ளி எறிய வேண்டியதுதான். வீட்டுத் தோட்டத்தில் பாதிப் பூச்சிமருந்து வேலையை ஒழுங்கான பறிப்பே செய்துவிடும் என்பது என் எண்ணம்.

கத்தரி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள் கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் ருசியைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். தண்டிலும் இலையிலும் காயின் தொப்பியிலும் முள் வைத்திருக்கிற செடி அது. அதைப் பறிக்கிற விரல்களைப் பற்றி ஒரு வரியும் என் கண்ணில் படவில்லை.

கொடிக் காய்களில் பூ எப்போது விரியும் என்று தெரிந்திருக்க வேண்டும். புடலை, பீர்க்கு, சுரை மூன்றும் சாயங்காலத்துக்கு மேல் விரியும். பரங்கியும் பாகலும் காலையில். மாடியில் தேனீ வராவிட்டால் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் நாமே தொட்டுவிட வேண்டும், அதற்கு இந்த நேரம் தெரியாமல் முடியாது. பெண் பூவுக்குப் பின்னால் ஒரு குட்டிக் காய் ஒட்டியிருக்கும். பூவெல்லாம் உதிர்கிறதே என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் ஆண் பூ உதிர்வதைப் பார்த்துத்தான் புலம்புகிறார்கள். அது உதிரத்தான் செய்யும்.

புடலைக்கு நுனியில் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் சுருளாமல் நேராக இறங்கும். ஆனால் நேராக இறங்குகிறதே என்று தரை தொடும்வரை விடக் கூடாது. உள்ளே சதை சிவந்தால் கறிக்கு ஆகாது. சுரையில் மேல்தோலின் பூனைமுடி உதிராமல் இருக்க வேண்டும், நகம் பட்டால் இறங்க வேண்டும். கடையில் நகம் வைத்தால் திட்டுவார்கள், நம் கொடியில் வைக்கலாம். பீர்க்கு லேசாக வளைய வேண்டும். பாகல்தான் மோசக்காரன். ராத்திரி பச்சையாகப் பார்த்துவிட்டுப் படுத்தால் விடிந்ததும் நுனி மஞ்சள், மறுநாள் வெடித்துச் சிவப்பு விதையைக் காட்டும். மஞ்சளுக்குக் காத்திருக்காமல் மேலே முள்முடிச்சு பருத்ததுமே எடுத்துவிட வேண்டும்.

எனக்குப் பிடித்தது அவரை. கொடி அவரை பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கும். அதனால்தான் ஆடியில் போட்டது புரட்டாசி வரைக்கும் வெறும் இலையாகப் படர்ந்து நம் பொறுமையைச் சோதிக்கிறது. வெறுத்துப்போய்ப் பிடுங்கிவிடக் கூடாது. கார்த்திகையில் ஆரம்பித்துத் தை வரை கொட்டும், பொங்கல் குழம்புக்கு நம் வீட்டு அவரையே ஆகும். அதன் பூங்கொத்தில் கீழே காய் தயாராக இருக்கும்போது நுனியில் மொட்டு இருக்கும். அவசரக்காரர்கள் கொத்தோடு ஒடித்துவிடுவார்கள். அடுத்த வாரக் காய் அதோடு போய்விடும். அக்கா இரண்டு விரலால் காயை மட்டும் கிள்ளுவார், கொத்து ஆடக்கூட ஆடாது. இதை வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் பார்த்திருக்கிறேன். வீடியோவில் கேமராவுக்காகப் பெரிய காயைத்தான் காட்டுகிறார்கள்.

கீரைக்கு வருவோம். சிறுகீரையை இளசாக வேரோடு பிடுங்கிவிட வேண்டியது. அரைக்கீரையைப் பிடுங்கினால் நஷ்டம். தரைக்கு மேல் நாலு விரல் விட்டு அறுத்தால் மறுபடி மறுபடி தழையும். கறிவேப்பிலையில் எல்லோரும் கைக்கு எட்டிய இலையை உருவுகிறார்கள், மரம் ஒற்றைக் குச்சியாக மேலே போய்விடுகிறது. நுனியை ஒடித்தால்தான் பக்கத்தில் கிளைக்கும். தினமும் தாளிக்கிற வீட்டில் ஒரு கறிவேப்பிலைச் செடி இடுப்பளவில் அடர்த்தியாக நின்றால், அந்த வீட்டில் பறிக்கத் தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம்.

தக்காளி விஷயத்தில் சண்டைக்கு வருவார்கள். செடியிலேயே பழுத்தால்தான் ருசி என்பார்கள். ஊட்டியில் இருக்கலாம். மதுரையில் வெப்பம் முப்பது டிகிரியைத் தாண்டிவிட்டால் தக்காளிக்குச் சிவப்பு கொடுக்கும் லைக்கோபீன் சரியாக உண்டாவதில்லை. பழம் மஞ்சளும் ஆரஞ்சுமாக வெளுத்து நிற்கும், தோல் வெந்துபோகும். அடியில் லேசாகச் சிவப்புக் கோடு விழுந்ததும் பறித்து வீட்டுக்குள் நிழலில் பரப்பி வைத்தால் நன்றாகவே பழுக்கும். அணிலுக்கும் மைனாவுக்கும் பங்கு போகாது.

செலவைப் பற்றியும் பேசிவிடுகிறேன், இல்லாவிட்டால் விட மாட்டார்கள். காசு மிச்சமாகும் என்று சொல்லி மாடித்தோட்டத்தை விற்காதீர்கள். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது மாடியில் தக்காளி வைத்திருந்தவர்கள் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்கள். மற்ற மாதங்களில் பை, மண், உரம், தண்ணீர் என்று கூட்டிப் பார்த்தால் கடைக்காய் மலிவு. வீட்டுத் தோட்டம் தருவது விலையை அல்ல, பக்குவத்தை. விடிகாலையில் பறித்துக் காலைச் சமையலுக்குப் போகிற வெண்டைக்காயை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அந்தப் பக்குவத்திலும் கோட்டை விட்டால், இத்தனை பாடுபட்டுக் கடைக்காயைவிட மட்டமான காயைச் சாப்பிடுகிறோம் என்று ஆகிறது.

இன்னொன்று, மாடித்தோட்டம் சாம்பாருக்கானது, பொரியலுக்கானது அல்ல. நாலு செடி வெண்டையில் ஒரு வேளைக்குக் கைப்பிடி தேறும். ஆறு பேருக்குப் பொரியல் சேரட்டும் என்று விட்டுவைத்தால் முதலில் காய்த்தது முத்தலாகிவிடும். குளிர்பெட்டியில் சேர்த்து வைக்கலாம் என்றால் அதிலும் வெண்டை ரொம்பக் குளிர்ச்சியைத் தாங்காது, கறுத்துக் கொழகொழத்துப் போகும். ஈரத்துணியில் சுற்றி ஓரிரு நாள் வைக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். இன்றைக்கு நாலு வெண்டை, ஒரு கத்தரி, ஒரு முழம் புடலை, பத்து அவரை என்று கிடைத்தால் சாம்பார் வைத்துவிட வேண்டியது, அல்லது கூட்டு. சமையல்காரர் தோட்டத்தைப் பார்த்துச் சமைக்க வேண்டும். மாதச் சாமான் பட்டியல் போடுகிற குணத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. எங்கள் வீட்டுக்காரருக்கு வெண்டைக்காய்ப் பொரியல்தான் உயிர், அதற்கு அவர் கடைக்குத்தான் போகிறார்.

எல்லாவற்றையும் பிஞ்சில் பறிக்கச் சொல்கிறேனே, விதைக்கு என்ன செய்வது? ஒரு காய் விட வேண்டும், ஒன்றே ஒன்று. செடி நன்றாகக் காய்க்கும்போதே, நோயில்லாத செடியில், எடுப்பான காயாகப் பார்த்துத் துணிக்கிழிசலைக் கட்டிவிட்டால் வீட்டில் யாரும் தெரியாமல் பறித்துவிட மாட்டார்கள். கிராமத்தில் சுரைக்கும் பீர்க்குக்கும் இப்படிக் கட்டியிருப்பதைப் பார்த்திருக்கலாம். செடி ஓய்ந்த பிறகு கடைசியில் மிஞ்சிய சூம்பலை விதைக்கு எடுக்கிற பழக்கம் கூடாது. பொட்டலத்தில் வீரிய ஒட்டு என்று போட்டிருந்தால் இந்தச் சிரமமே வேண்டாம், அடுத்த தலைமுறை அதே மாதிரி வராது. மானியத் தளைகளில் நாட்டு ரகமும் பல்கலைக்கழக ரகமும் மட்டும் கொடுத்தால் வீடுகள் விதைக்காக ஒவ்வொரு வருஷமும் கையேந்த வேண்டியதில்லை.

இனி கூலிக் கதை. பறிப்பது எளிய வேலை என்று ஊரில் ஒரு நினைப்பு. மண்வெட்டி பிடிக்கிற ஆணுக்கு ஒரு கூலி, நாள் முழுக்கக் குனிந்து பறிக்கிற பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி. ஆனால் விலை விழும்போது என்ன நடக்கிறது? ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளி கேட்பாரற்றுப் போகும் நாட்களில் விவசாயி சொல்வது ஒன்றுதான்: பறிப்புக்கூலிக்குக்கூடக் கட்டாது. பறிக்காமல் அப்படியே மாட்டை விட்டு மேய்க்கிறார்கள். உழவும் உரமும் மருந்தும் எல்லாம் செய்து முடித்த பிறகும் பறிக்கிற கை இல்லாவிட்டால் அது காய்கறியே இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அந்தக் கை சும்மா பறிப்பதும் இல்லை. பறிக்கும்போதே பிஞ்சு, காய், முத்தல், சொத்தை என்று தரம் பிரித்து மடியில் ஒரு பக்கம், சாக்கில் ஒரு பக்கம் என்று போடுகிறது. ஒரு காய்க்கு ஒரு முடிவு, நாள் முழுக்க.

தோட்டக்கலைத் துறையின் பயிற்சிகளுக்கு விஞ்ஞானிகள் வருகிறார்கள், அதிகாரிகள் வருகிறார்கள், இயற்கை விவசாயப் பிரமுகர்கள் வருகிறார்கள். வரட்டும். கூடவே ஒவ்வொரு முகாமுக்கும் காய் பறிக்கிற பெண்கள் இரண்டு பேரைப் பயிற்சியாளராகக் கூப்பிட வேண்டும். மற்றப் பயிற்சியாளருக்குக் கொடுக்கிற அதே ஊதியத்தைக் கொடுக்க வேண்டும், தோட்டத்து நாள்கூலியைக் கணக்குப் பார்த்து அல்ல. ஆள் கிடைக்குமா என்று கேட்டால், தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பரில் திறந்தது இங்கே எங்கள் அண்ணா நகரில்தான். விடிகாலையில் அங்கே கூடை இறக்குகிற பெண்களிடம் போய்க் கேட்கட்டும். இரண்டு பேர் கேட்டால் இருபது பேர் தேறுவார்கள்.

நேரத்தையும் மாற்ற வேண்டும். பதினோரு மணிக்கு மண்டபத்தில் திரை போட்டுப் பறிப்பைக் காட்ட முடியாது. அந்நேரத்துக்கு இலையே தொங்கிப்போயிருக்கும், காயில் சூடேறியிருக்கும், பறித்தால் சீக்கிரம் சுருங்கும். வெயில் ஏறும் முன்னால், காய் தொங்குகிற இடத்திலேயே, செடிக்குப் பக்கத்தில் நின்று ஆளுக்குப் பத்துக் காய் பறித்துப் பார்க்க வேண்டும். தப்பான காயைத் தொட்டால் கையைத் தட்டிவிட ஆள் வேண்டும்.

அக்காவிடம் கேட்டேன், இப்படி ஒரு வகுப்பு வைத்தால் வருவீர்களா என்று. எவ்வளவு கொடுப்பார்கள் என்று அவர் முதலில் கேட்டார், நியாயம்தானே. அப்புறம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஆறு மணிக்குன்னா வாரேன் தாயி. எட்டரைக்கு எதுத்த வீட்ல பாத்திரம் கெடக்கு, அதுக்குள்ள விட்ருவாகளா?"